முதல் மாவட்டப் போட்டி: ஓட்டத்துக்கு முன் வரும் படபடப்பை எப்படிச் சமாளிப்பது?

முதல் முறையாக மாவட்ட அளவில் 100 மீட்டர் ஓடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயிற்றைக் கலக்கும், உள்ளங்கை வியர்க்கும், பாத்ரூமுக்குப் போய்க்கொண்டே இருக்கத் தோன்றும். எல்லாம் அட்ரினலின் வேலை. இதயத்தை வேகமாகத் துடிக்க வைத்துத் தசைகளுக்கு ரத்தத்தை அனுப்புவதும் அதுதான். அதனால் படபடப்பு வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளாதீர்கள். அதோடு சேர்ந்தே ஓடப் பழகுங்கள்.

படி 1: முந்தைய இரவு

ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ), நம்பர் குத்த ஊக்கு, தண்ணீர், வயதுச் சான்று நகல் எல்லாவற்றையும் இரவே பையில் வைத்துவிடுங்கள். தூக்கம் வரவில்லையா? கவலை வேண்டாம். அதற்கு முந்தைய நாட்களில் நன்றாகத் தூங்கியிருந்தால், ஒரு ராத்திரி புரண்டு படுத்ததால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது.

படி 2: சாப்பாடு

ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு இட்லி போதும். பூரி, வடை வேண்டாம்.

படி 3: மைதானத்தில்

சொன்ன நேரத்துக்கு ஓட்டம் நடப்பது அபூர்வம். வார்ம் அப் முடிந்த பிறகு தாமதமானால் நிழலில் உட்காருங்கள். கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பை மறுபடி சூடாக்கினால் போதும். பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் டைமிங் கேட்காதீர்கள்.

படி 4: கால் ரூம் (ஓட்டத்துக்கு முன் பெயர் கூப்பிட்டு உட்கார வைக்கும் இடம்)

பலர் மனம் தளர்வது இங்கேதான். எட்டுப் பேர் ஒரே பெஞ்சில். ஒருவர் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் எல்லோருடைய ஷூவையும் நோட்டம் விடுவார். நீங்கள் உங்கள் லேஸைப் பாருங்கள். அவிழ்த்து, நிதானமாக, ஒவ்வொரு துளையாக இறுக்கிக் கட்டுங்கள். பிறகு நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை வாயால் விடுங்கள். மூச்சு வெளியேறும்போதுதான் இதயத் துடிப்பு தணிகிறது, அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். ஐந்தாறு முறை செய்தால் தோள் தானாக இறங்கும். செஸ் உலக சாம்பியன் குகேஷ் காய்களைச் சரியாக வைத்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி உங்களுக்கென்று ஒரு வழக்கம் இருக்கட்டும். அதைப் பயிற்சி நாட்களிலேயே செய்து பழகியிருக்க வேண்டும், போட்டியன்று புதிதாகத் தொடங்கினால் உதவாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: உள்ளே போகும் பிள்ளையிடம் 'மெடலோடு வா' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

படி 5: பிளாக்கில் (கிளம்பும்போது காலை ஊன்றித் தள்ளும் கட்டை)

துப்பாக்கி எப்போது வெடிக்கும் என்று ஊகிக்காதீர்கள். 2010 முதல் சர்வதேச ஓட்டங்களில் ஒரு முறை முந்திக் கிளம்பினாலே வெளியேற்றம்தான். 2011-இல் தென் கொரியாவின் தேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட்டே அப்படி வெளியேறினார். மனதில் ஒரே சொல் போதும்: 'தள்ளு'. முதல் மூன்று அடிகளைத் தாண்டி எதையும் யோசிக்க வேண்டாம்.

ஹீட்ஸில் (தகுதிச் சுற்றில்) தேறினால் ஒரு வாழைப்பழம், கொஞ்சம் தண்ணீர், நிழல். ஃபைனலுக்குக் கூப்பிட்டதும் படி 4-லிருந்து அப்படியே மறுபடி செய்யுங்கள்.