கையில் அடிபட்டதா? முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள்

விரலோ மணிக்கட்டோ முழங்கையோ, எங்கே அடிபட்டாலும் ஐஸ் தேடி ஓடும் முன்பே அந்தக் கையில் இருக்கும் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வலி அதிகமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

காரணம் இதுதான். வீக்கம் உடனே முழுதாக வராது. பல மணி நேரம் ஏறிக்கொண்டே போகும், கையைத் தொங்கப்போட்டால் விரல் நுனி வரைக்கும் இறங்கும். மோதிரமோ கொஞ்சமும் விரியாது. முதலில் ரத்தம் திரும்பிப் போவது தடைபடும், அதனால் விரல் இன்னும் வீங்கும், பிடி இன்னும் இறுகும். கடைசியில் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

ஏற்கனவே சிக்கிக்கொண்டதா? கையை ஐந்து நிமிடம் நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்து, சோப்பு நீர் தடவிப் பாருங்கள். அதுவும் நகரவில்லை என்றால் நூல். ஒரு முனையை விரல் நுனிப் பக்கமிருந்து மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கையை நோக்கி நுழையுங்கள். மறுமுனையை மோதிரத்தை ஒட்டித் தொடங்கி, விரல் மூட்டைத் தாண்டும் வரை இடைவெளி இல்லாமல் நெருக்கமாகச் சுற்றுங்கள். பிறகு உள்ளே நுழைத்த முனையை விரல் நுனிப் பக்கமாக இழுத்துச் சுற்றைப் பிரித்தால், மோதிரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வரும்.

அந்த விரல் கோணியிருந்தாலோ, எலும்பு முறிந்திருக்கலாம் என்று தோன்றினாலோ, வெட்டுக்காயம் இருந்தாலோ நூல் வேண்டாம். நுனி வெளுத்தோ நீலம் பூத்தோ மரத்தோ போயிருந்தால் வீட்டில் முயன்று நேரத்தை வீணாக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அங்கே சில நிமிடங்களில் வெட்டி எடுத்துவிடுவார்கள்.