கண் திறக்காத ஆமைக்குட்டி

போன கார்த்திகை அடைமழையில் புதுச்சேரியில் பத்து நாளாக வெயிலே இல்லை. எங்கள் சிவப்புக்காது ஆமைக்குட்டி இரை எடுப்பதை நிறுத்திவிட்டது. இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கிடந்தன. ஓட்டின் ஓரத்தை லேசாகத் தொட்டால் நகம்போல வளைந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

துண்டு விரித்த டப்பாவில் வைத்துக் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினேன். டாக்டர் முதலில் கேட்டது, "என்ன சாப்பாடு?" காய்ந்த இறால் மட்டும்தான். வைட்டமின் ஏ குறைந்தால் கண் இப்படி வீங்குமாம். ஓடு இளகியதற்குக் கால்சியமும் வெயிலும் போதாததுதான் காரணம். "ஜன்னலோரம்தான் சார் வைத்திருக்கிறோம்" என்றேன். ஓட்டுக்கு வேண்டிய, வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்றார். இது எனக்குத் தெரியவே தெரியாது.

ஊசி அவர் போட்டார். வைட்டமின் ஏ-வை நாமாகக் கொடுக்கவே கூடாது, அளவு மீறினால் தோல் உரியும். வீட்டில் தண்ணீரை ஹீட்டர் போட்டு 28 டிகிரியில் வைத்தேன். அப்புறம் யுவிபி விளக்கு, அதன் கீழே ஏறிக் காய ஒரு கல். தண்ணீரைத் தினமும் மாற்றினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை இடது கண்ணில் மெல்லிய கோடாகக் கறுப்பு தெரிந்தது. மண்புழுத் துண்டை மூக்கருகே ஆட்டினேன். லபக்கென்று கவ்வியது! அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். இப்போது இறாலோடு கேரட் துருவல், மஞ்சள் பூசணி, முருங்கைக்கீரை எல்லாம் உண்டு. கீரையைத்தான் இன்னும் ஒதுக்குகிறது.