பித்தளைப் பொத்தானைப் படிப்பது எப்படி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டுகளுக்கும் நாணயங்களுக்கும் நடுவே இராணுவப் பொத்தான் ஒன்று கண்ணில் பட்டால், முதலில் அதைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். தட்டையான ஒற்றைத் தகட்டில் கம்பிவளையம் பற்றவைக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அது பழைய வகை. இரண்டு தகடுகளை விளிம்பில் மடித்துச் சேர்த்து, முகப்பு குவிந்திருந்தால் பிந்தையது. வளையத்தைச் சுற்றி ஃபர்மின், காண்ட் போன்ற தயாரிப்பாளர் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

முகப்பில் கிரீடமே காலக்கணக்கு. விக்டோரியா அரசியின் கிரீடத்தில் மேல்வளைவுகள் நடுவில் தாழ்ந்திருக்கும். 1901க்குப் பின் வந்த மன்னர் கிரீடத்தில் அவை குவிமாடம்போல் உயர்ந்திருக்கும். 1950இல் இந்தியா குடியரசானபின் அசோகச் சிங்கங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. பொத்தானில் உள்ள படைப்பிரிவு எண்ணும் பேசும். 1903இல் சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் பலவற்றின் பழைய எண்ணோடு அறுபது கூட்டப்பட்டது; பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 3ஆவது பிரிவு 63ஆவது ஆனது இவ்வாறுதான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் யானை, 1803 செப்டம்பர் 23 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மராட்டியரை வென்ற அசாயே போரின் நினைவு. ஆனால் அதே போருக்காக 74, 78ஆம் ஸ்காட்டியப் படைகளும் யானையைப் பெற்றன. ஆகவே யானையை மட்டும் கண்டு முடிவு கட்டிவிடாதீர்கள்.

வாங்கியதும் நம் வீட்டுப் பழக்கத்தில் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது என்பதை மன்றாடிச் சொல்கிறேன். புளியின் அமிலமும் மெருகுப் பசையும் பொன்முலாமையும், நுண்ணிய எழுத்துகளையும் அழித்துவிடும். அழிந்தபின் எவராலும் அதைப் படிக்க முடியாது. மென்தூரிகையால் தூசியைத் தட்டி, தேவைப்பட்டால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, உடனே முழுவதும் உலர்த்துங்கள். சென்னையின் உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு விரைவில் ஏறும், பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் அதைக் கூட்டும். அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தின் சீருடைகளும் பதக்கங்களும் உதவும். விளிம்பு மழுங்கி, எழுத்துக் குழைந்திருக்கும் வார்ப்புப் போலியைக் கண்டறியும் கண் அங்குதான் பழகும். நூறாண்டு கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரக்கூடும் என்பதால், வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர் முதலில் இந்தியத் தொல்லியல் துறையை அணுக வேண்டும். ஒவ்வொரு பொத்தானோடும் வாங்கிய நாள், இடம், விலை, விற்றவர் சொன்ன கதை ஆகியவற்றைப் பென்சிலால் சீட்டில் எழுதி, அதே பெட்டியில் வைத்துவிடுங்கள்.