ஒரே தலைப்பு, வேறு கதை: துப்பறியும் தொடர்களில் இணைப்பு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளிலும் ஈரோடு புத்தகத் திருவிழாவிலும் நான்சி ட்ரூ, ஹார்டி பாய்ஸ் என்ற அமெரிக்கச் சிறுவர் துப்பறியும் தொடர்களைத் தேடும் பிள்ளைகள் சிலர் கையில் ஒரு நோட்டும் இருக்கிறது. எந்தப் பாத்திரம் எதில் முதலில் வருகிறது, எந்தப் பழைய வழக்கு எங்கே மறுபடி பேசப்படுகிறது என்று குறித்து வைக்கிறார்கள். வருஷக்கணக்காக இதையே செய்துவரும் எனக்கு அந்த நோட்டுகளைக் கண்டால் கொள்ளை சந்தோஷம். ஆனால் புரட்டிப் பார்த்தால், எல்லோரும் சறுக்கும் அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். பெயரைத் தப்பாக எழுதுவது, பக்க எண்ணை விடுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள்.

மூலமா, திருத்தியதா என்று பார்க்காமல் குறிப்பெடுப்பது

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. மாமாவுக்கும் அவருடைய அக்கா மகளுக்கும் வாக்குவாதம். பேச்சு, ஹார்டி பாய்ஸ் வரிசையின் 22வது புத்தகமான 'தி ஃப்ளிக்கரிங் டார்ச் மிஸ்டரி' பற்றி.

"பட்டுப்புழுவைத் திருடற கதைதானே அம்மிணி அது?"

"இல்லீங்க மாமா, ஏரோப்ளேன் விழுகற கதைங்க."

மாமா பட்டுப்புழு வளர்க்கிறவர். அந்தக் கதையை அவர் மறக்க வழியே இல்லை. மருமகளோ புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறாள். இருவர் சொன்னதும் சரிதான். 1943இல் வந்தது அரிய பட்டுப்புழுக்கள் களவுபோகும் கதை. 1971இல் அதே எண்ணில், அதே தலைப்பில், விமான விபத்துகளை வைத்துப் புதுக்கதையே எழுதிப் போட்டுவிட்டார்கள்.

நான்சி ட்ரூ, ஹார்டி பாய்ஸ் இரண்டையும் நடத்தியது, ஆள் வைத்துத் தொடர்கதை எழுதிவாங்கிய ஸ்ட்ராடமேயர் சிண்டிகேட் என்ற நிறுவனம். கரோலின் கீன், ஃப்ராங்க்ளின் டபிள்யூ. டிக்ஸன் என்று அட்டையில் இருப்பவை பலர் எழுதியதற்கு வைத்த பொதுப் பெயர்கள். நான்சி ட்ரூவின் முதல் 30 புத்தகங்களில் 23ஐ எழுதியவர் மில்ட்ரெட் வர்ட் பென்சன். 1959 முதல் நான்சி ட்ரூவில் முதல் 34, ஹார்டி பாய்ஸில் முதல் 38 புத்தகங்களைத் திருத்தி எழுதினார்கள். இனங்களை இழிவுபடுத்தும் சித்திரிப்புகளை நீக்குவது, கதையைச் சுருக்கி வேகம் கூட்டுவது, காலத்துக்கு ஏற்ப மாற்றுவது எல்லாம் நோக்கம். சில புத்தகங்களில் லேசாகக் கை வைத்தார்கள், சிலவற்றை அடியோடு மாற்றினார்கள்.

அதனால் 16 வயது நான்சி 18 வயதாகிறாள். அவளுடைய நீல ரோட்ஸ்டர் கார், கன்வர்டிபிள் ஆகிறது. மூலத்தில் தாய் இறந்தபோது அவளுக்கு 10 வயது, திருத்தியதில் 3 வயது. இரண்டு பதிப்பையும் கலந்து படித்துவிட்டு, "எழுதியவருக்கே மறந்துவிட்டது" என்று நோட்டில் எழுதுகிறார்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இங்கேதான். எழுதியவர் எதையும் மறக்கவில்லை. தலைமுறை தாண்டி வேறு ஒருவர் மாற்றியதற்கு, பெயர்கூட அட்டையில் வராத அந்த முதல் எழுத்தாளர்கள் மேல் பழி விழுகிறது.

பணமும் போகிறது. திருப்பூர்த் தம்பி ஒருவர் பழைய அட்டைப் படத்தை நம்பி இணையத்தில் ஒரு கட்டு வரவழைத்தார். வந்தவை அத்தனையும் திருத்திய பதிப்பு, அவரிடம் ஏற்கெனவே இருப்பவை. அதைவிடப் பெரிய நஷ்டம், இரண்டையும் கலந்து அவர் போட்டிருந்த அட்டவணை. எந்த வரி எதிலிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியவில்லை. முதலிலிருந்து எழுதினார்.

வாங்கும் முன் அத்தியாயங்களை எண்ணுங்கள். 1930களின் நான்சி ட்ரூ மூலங்களில் 25 இருக்கும், திருத்தியவற்றில் 20. அச்சான ஆண்டை மட்டும் நம்பவே கூடாது. ஆப்பிள்வுட் நிறுவனம் 1991 முதல் மூலப் பதிப்புகளை அப்படியே நகலெடுத்து வெளியிட்டது. தாள் புதிதாக இருக்கும், உள்ளே 1930இன் கதை இருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டு, நோட்டில் தலைப்புக்கு எதிரே 'மூ' அல்லது 'தி' என்று ஓர் எழுத்தைப் போட்டுவிடுங்கள்.

அர்மடா எண்ணை அமெரிக்க எண்ணாக எடுத்துக்கொள்வது

அர்மடா என்பது இந்தத் தொடர்களைப் பிரிட்டனில் மலிவு அட்டையில் போட்ட பதிப்பு. இரண்டும் வேறு வரிசை. எண்ணை நம்பாமல் தலைப்பையும் முதலில் வெளிவந்த ஆண்டையும் எழுதுங்கள்.

கடைசிப் பத்தியைக் கதைத்தொடர்ச்சி என்று நம்புவது

முடிவில் அடுத்த புத்தகத்தின் பெயரைச் சொல்லி ஆவலைத் தூண்டுவதும், தொடக்கத்தில் முந்தைய வழக்கை நினைவூட்டுவதும் சிண்டிகேட்டின் விற்பனை வழக்கம். அதைத் தனிப் பத்தியில் குறியுங்கள். மெய்யான இணைப்பு என்றால், அது இல்லாமல் கதை நகரக் கூடாது.

வயதைக் கூட்டிப் பார்ப்பது

பாத்திரங்களின் வயதைக் கணக்குப் போட வேண்டாம். எனிட் பிளைட்டனின் ஃபேமஸ் ஃபைவ் 21 புத்தகம், 1942 முதல் 1963 வரை. கதைகள் நடக்கும் பள்ளி விடுமுறைகளை எண்ணினால் கணக்கு எங்கேயும் நிற்காது.

பெயர் ஒன்றென்றால் உலகமும் ஒன்று என்பது

1987இல் தொடங்கிய ஹார்டி பாய்ஸ் கேஸ்ஃபைல்ஸ் என்ற கிளைத்தொடரின் முதல் புத்தகத்திலேயே, ஹார்டி சகோதரர்களில் ஒருவனான ஜோவின் தோழி அயோலா கார் குண்டில் இறக்கிறாள். மூலத் தொடரின் வழியே போகும் புத்தகங்களில் அவள் உயிரோடு இருக்கிறாள். இது முரண் இல்லை, வேறு தொடர். இன்னொன்றும் உண்டு. அதே எனிட் பிளைட்டனின் சீக்ரெட் செவன் என்ற இன்னொரு தொடரின் கதையொன்றில், அந்தக் குழுவில் உள்ள ஜாக்கின் தங்கை சூசி ஃபேமஸ் ஃபைவ் புத்தகங்களைப் படித்துவிட்டு அதே பெயரில் போட்டிக் குழு அமைக்கிறாள். அந்த ஊரில் ஃபேமஸ் ஃபைவ் வெறும் கதைப் பாத்திரங்கள்! இரு குழுவும் அண்டை ஊர்க்காரர்கள் என்று வரைபடம் போட்டுவந்த பிள்ளைகளிடம் இதைக் காட்டினால் முகம் மலர்ந்துவிடும்.

முன்னுரையைத் தாண்டிப் போவது

மூன்று பையன்கள் துப்பறியும் த்ரீ இன்வெஸ்டிகேட்டர்ஸ் தொடர் 1964இல் திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் பெயரில் வந்த முன்னுரையோடு தொடங்கியது. 1980இல் அவர் மறைந்தபின், 31வது புத்தகத்தில் ஹெக்டர் செபாஸ்டியன் என்ற கற்பனை எழுத்தாளர் வருகிறார். பிந்தைய மறுபதிப்புகளில் முந்தைய புத்தகங்களிலிருந்தும் ஹிட்ச்காக்கை எடுத்துவிட்டார்கள். ஆகவே முன்னுரையில் யார் பேசுகிறார் என்பதே பதிப்பைக் காட்டிக்கொடுக்கும்.

மெய்யான இணைப்புக்கு இந்தத் தொடரைத்தான் நான் முதலில் கையில் கொடுப்பேன். 2வது புத்தகத்தில் தப்பிய கலைத்திருடன் யூஜெனே 9வதில் திரும்ப வருகிறான். மூவரின் தலைவன் ஜூபிடர் போட்டியில் வென்ற ரோல்ஸ் ராய்ஸ் கார் 30 நாளுக்குத்தான். அப்புறமும் அந்த வண்டி எப்படி வருகிறது என்பதற்கு விடை 7வதில் இருக்கிறது. உதவி பெற்ற ஒரு பையன் நன்றியோடு செய்யும் ஏற்பாடு அது. 10வதிலிருந்து படிக்க ஆரம்பித்தவர்கள் 'முரண்' என்று எழுதும் முன் அந்த 7வது புத்தகத்தைத் தேடி வாங்கிவிடுங்கள்.