நெருக்கம் வளர்ப்பது எப்படி: அறிமுகம் முதல் பல வருட உறவு வரை

உறவு பற்றி யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் சந்திப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன உடுத்துவது, எதைப் பேசித் தொடங்குவது, எப்போது மெசேஜ் அனுப்புவது? சமூக உளவியல் இதைவிடச் சாதாரணமான ஓர் இடத்தைக் காட்டுகிறது. நான் சொன்னது இவருக்குப் புரிந்தது, இவர் அதை மதிக்கிறார், என்மேல் அக்கறை வைத்திருக்கிறார். இந்த மூன்றும் ஒருவர் மனதில் படும்போது நெருக்கம் கூடுகிறது. ஹாரி ரைஸ், ஃபிலிப் ஷேவர் இருவரும் 1988இல் நெருக்கத்தை இப்படித்தான் விளக்கினார்கள். கீழே உள்ள எல்லா முறைகளும் இந்த உணர்வை உண்டாக்குவதற்கானவை.

அடிக்கடி கண்ணில் படுங்கள்

லியோன் ஃபெஸ்டிங்கரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் செய்த ஆய்வு 1950இல் வெளிவந்தது. அடுத்த கதவில் இருப்பவரை நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம். இரண்டு கதவு தள்ளி என்றால் 22 சதவீதம். தாழ்வாரத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே 10 சதவீதம்தான். குணமும் ரசனையும் ஒத்துப்போகிறதா என்று தெரியவருவதற்கே முதலில் எதிரெதிரே பல தடவை கடந்து போக வேண்டியிருக்கிறது.

அதனால் ஒரு தடவை மட்டும் நடக்கும் பெரிய கூட்டங்களைவிட, அதே ஆட்கள் வாரந்தோறும் கூடும் சிறிய இடம் நல்லது. வகுப்போ, விளையாட்டுப் பயிற்சியோ, தன்னார்வ வேலையோ, எதுவாகவும் இருக்கலாம். ஒரே நேரத்துக்குப் போங்கள், பத்துத் தடவையாவது போங்கள். மூன்றாம் தடவையிலேயே ‘இங்கே யாரும் ஒட்டவில்லை’ என்று நின்றுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. புதியவரோடு பேசி முடித்ததும், அவருக்கு நம்மைப் பிடித்ததைவிடக் குறைவாகவே பிடித்ததாக நாம் கணக்குப் போடுகிறோம் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதல் சந்திப்புக்குப் பிறகு மனம் தரும் மதிப்பெண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. அருகாமை பிடித்ததை வளர்ப்பதுபோலவே பிடிக்காததையும் வளர்க்கும். ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி நகர்பவர் முன்னால் மறுபடி மறுபடி போய் நிற்பது தொந்தரவு. அழைப்பை இரண்டு தடவை, வேறு நாள் சொல்லாமல் மறுத்தவரை மூன்றாம் தடவை அழைக்காதீர்கள்.

பேச்சைப் படிப்படியாக ஆழப்படுத்துங்கள்

ஆர்தர் ஆரன் 1997இல் வெளியிட்ட சோதனையில், முன்பின் தெரியாத இருவர் 45 நிமிடம் பேசினார்கள். 36 கேள்விகள், மூன்று கட்டங்கள், கட்டத்துக்குப் பதினைந்து நிமிடம். தொடக்கத்துக் கேள்விகள் லேசானவை; போகப்போக அந்தரங்கமானவை. சும்மா பொதுவாகப் பேசிய ஜோடிகளைவிட இவர்கள் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். கேள்விப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அதன் அடியில் இருக்கும் இரண்டு விதிகள் போதும்.

முதலாவது, மாறி மாறிப் பேசுவது. நீங்கள் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்ல இடம் விடுங்கள்; அவர் திறந்த அளவுக்கு, அல்லது அதைவிட ஒரு படி மட்டும் கூடுதலாக, நீங்கள் திறங்கள். முதல் அரை மணியிலேயே பழைய காயத்தையெல்லாம் கொட்டினால் கேட்பவர் பின்வாங்குவார். காரணம், பதிலுக்கு அவரும் அதே அளவு திறக்க வேண்டிய கடன் அவர் தலையில் விழுகிறது. ஒருவரே கேள்வி கேட்டு மற்றவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தாலும் கெட்டுப்போகும். அது நேர்காணல் ஆகிவிடும்.

இரண்டாவது, தொடர் கேள்வி. ‘ஊர் மாறி வந்து ஆறு மாசம் ஆகுது’ என்று ஒருவர் சொன்னால், ‘அப்படியா, நான் வந்து மூணு வருஷம்’ என்று நம் கதைக்குத் தாவுவது எளிது. ‘வந்த புதுசுல எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?’ என்று கேட்பது தொடர் கேள்வி. அவர் சொன்னதைக் கேட்டால்தான் அதைக் கேட்க முடியும், அது அவருக்கும் தெரியும். தொடர் கேள்வி அதிகம் கேட்பவர்களை மற்றவர்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். நம் கதையைச் சொல்வதற்கு முன் ஒரு தொடர் கேள்வியாவது கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்திக்கு எப்படிப் பதில் சொல்கிறீர்கள்?

கஷ்டத்தில் கைகொடுப்பது முக்கியம் என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல செய்தியை எப்படி வாங்கிக்கொள்வது என்பதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஷெல்லி கேபிள் 2004இல் இதைத்தான் ஆராய்ந்தார். நம்மைக் கேட்டால் தம்பதிகள் முதலில் பழக வேண்டியது இதுதான்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே, ‘அந்த ப்ராஜெக்ட எனக்கே கொடுத்துட்டாங்க’ என்கிறார். நான்கு விதமாகப் பதில் வரலாம்.

‘ஓ, நல்லது’ என்று போனிலிருந்து தலை தூக்காமல் சொல்வது ஒன்று. ‘அப்போ இனிமே வீட்டுக்கு வர இன்னும் லேட் ஆகுமா?’ என்பது இன்னொன்று. ‘சரி, கேஸ் புக் பண்ணியாச்சா?’ என்று வேறு பேச்சுக்குப் போவது மூன்றாவது. நான்காவது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ‘நிஜமாவா! யாரு சொன்னா? சொன்னதும் என்ன தோணுச்சு?’ என்பது.

உறவு திருப்தியோடு சேர்ந்து போவது நான்காவது மட்டும்தான். முதல் பதிலில் குற்றம் ஒன்றும் இல்லையே என்று தோன்றும். ஆனால் சொன்னவருக்கு அந்தச் செய்தி அங்கேயே செத்துப்போகிறது. அடுத்த நல்ல செய்தியை அவர் வேறு யாரிடமாவது முதலில் சொல்வார்.

செய்ய வேண்டியது சிறியதுதான். கையில் இருப்பதைக் கீழே வைப்பது, முகம் பார்ப்பது, விவரம் கேட்கும் இரண்டு கேள்விகள், அன்று இரவோ மறுநாளோ அதை மறுபடி ஒரு தடவை எடுத்துப் பேசுவது. உங்களுக்கு நியாயமான கவலை இருந்தால் (நேரம், பணம், இடமாற்றம்) அதை மறுநாள் பேசுங்கள். சந்தோஷமும் கவலையும் ஒரே மூச்சில் வந்தால், கேட்பவர் காதில் கவலை மட்டும்தான் நிற்கும். உற்சாகம் வராத நாளில் நடிக்க வேண்டாம், அது தெரிந்துவிடும். ‘இன்னைக்கு ரொம்ப அசதியா இருக்கு, ஆனா முழுசாக் கேக்கணும், சாப்பிடும்போது சொல்றியா?’ என்பது நல்ல பதில்.

இதே விஷயம் இன்னும் சிறிய அளவில் நாள் முழுக்க நடக்கிறது. ‘அந்த மேகத்தைப் பாரேன்’ என்பதும் ஓர் அழைப்புதான். ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளைக் கவனித்து, ஆறு வருடம் கழித்து மறுபடி பார்த்தார். சேர்ந்தே இருந்தவர்கள் இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு 86 சதவீதம் முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதம். 86 என்பது நூறு இல்லை, அதையும் கவனியுங்கள். சில அழைப்புகள் தவறிப்போவது எந்த வீட்டிலும் உண்டு.

சண்டையில்

முதல் மூன்று நிமிடத்தில் கவனம் வையுங்கள். சண்டை தொடங்கும் விதத்திலேயே முடியும் விதமும் பெரும்பாலும் தெரிந்துவிடும். ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் தன் குணத்துக்கு வக்காலத்து வாங்குவார், விஷயம் காணாமல் போகும். நடந்த ஒன்று, உங்கள் உணர்வு, கேட்பது என்ன, இந்த வரிசையில் சொல்லுங்கள்: ‘நேத்து வர்றேன்னு சொல்லிட்டு ஒம்பது மணி வரைக்கும் ஒரு போன்கூட இல்ல. எனக்குப் பயமாயிடுச்சு. லேட் ஆனா ஒரு மெசேஜ் போடு.’

இதயத்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டியபின் காதில் எதுவும் ஏறாது. அப்போது இடைவேளை எடுங்கள், குறைந்தது 20 நிமிடம். உடம்பு அடங்க அவ்வளவு நேரம் தேவை. இடைவேளை கெட்டுப்போவது இரண்டு விதத்தில். திரும்பி வரும் நேரத்தைச் சொல்லாமல் எழுந்து போனால், மற்றவருக்கு அது கதவைச் சாத்தியதாகத்தான் படும். போய் உட்கார்ந்து அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று யோசித்தால் உடம்பு அடங்காது. ‘எட்டரைக்குப் பேசலாம்’ என்று சொல்லிவிட்டு நடங்கள், பாத்திரம் கழுவுங்கள், எட்டரைக்குத் திரும்பி வாருங்கள்.

இங்கே சொன்ன எதுவும் அடி, மிரட்டல், கண்காணிப்பு இருக்கும் உறவுக்குப் பொருந்தாது. அங்கே முதல் வேலை பேச்சுத்திறமை இல்லை, பாதுகாப்பு. நம்பகமான ஒருவரிடம் சொல்லி வெளி உதவி தேடுங்கள்.

வருடங்கள் ஆனபின்

சலிப்புக்கு ஆரன் 2000இல் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். தம்பதிகளின் கையையும் காலையும் ஒரு பக்கமாகச் சேர்த்துக் கட்டி, ஒரு தலையணையைக் கையாலோ பல்லாலோ பிடிக்காமல் இருவர் உடம்புக்கும் நடுவில் அழுத்திக்கொண்டு, மெத்தை விரிப்பில் தவழ்ந்து தடையைத் தாண்டச் சொன்னார். ஏழு நிமிட வேலை. அதற்குப் பிறகு உறவைப் பற்றிய அவர்கள் மதிப்பீடு உயர்ந்தது. வழக்கமான உணவகத்துக்கு இன்னொரு முறை போவதில் இந்தப் பலன் எதிர்பார்க்க முடியாது. இருவருக்கும் புதிதாக, கொஞ்சம் தடுமாற வைப்பதாக, ஒருவர் உதவி இல்லாமல் மற்றவரால் முடிக்க முடியாததாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒருவருக்குக் கைவந்த வேலையாக இருந்தால் மற்றவர் மாணவராகிவிடுவார்.

கடைசியாக ஓர் எழுத்துப் பயிற்சி. எலி ஃபிங்கலும் கூட்டாளிகளும் 120 தம்பதிகளை இரண்டு வருடம் தொடர்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் வருடம் சராசரித் திருப்தி இறங்கியது. இரண்டாம் வருடம் பாதிப் பேர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏழு நிமிடம், மொத்தம் 21 நிமிடம், எழுதினார்கள். அவர்களுக்கு இறக்கம் நின்றது, எழுதாதவர்களுக்குத் தொடர்ந்தது.

எழுத வேண்டியது இது. சமீபத்தில் நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் நல்லதே நினைக்கும் மூன்றாம் மனிதர் ஒருவர் அதைப் பார்த்திருந்தால் எப்படி விவரிப்பார்? அடுத்த சண்டையில் அந்தப் பார்வையை எடுக்கவிடாமல் உங்களைத் தடுப்பது எது? தடையை மீறி அதை எப்படி எடுப்பீர்கள்? காலண்டரில் நான்கு மாதத்துக்கு ஒரு தேதி குறித்துவிட்டு, இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். எழுதியதை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டாம். காட்டினால் அடுத்த தடவை எழுதும்போது மூன்றாம் மனிதர் உங்கள் வக்கீலாகிவிடுவார்.