மைக்ரோமீட்டரை இறுக்கி மூடி வைக்காதீர்கள்

குளச்சல் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றின் குணம் தெரியும். நுண்ணிய அளவு பார்க்கும் கருவியான மைக்ரோமீட்டரின் ஆன்விலும் (நகராத முனை) ஸ்பிண்டிலும் (நகரும் முனை) ஒட்டிக் கிடந்தால், நடுவே ஈரம் தங்கித் துரு ஏறும். வேலை முடிந்ததும் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, சிறிது இடைவெளி விட்டுப் பெட்டியில் வையுங்கள். ஸ்பிண்டிலை நகராமல் பிடிக்கும் லாக்கையும் தளர்த்திவிடுங்கள்.

அளக்கும்போது திம்பிளை, அதாவது சுழலும் உருளையைப் பிடித்து முறுக்கவே கூடாது. அளவான அழுத்தம் வந்ததும் நழுவிக்கொள்ளும், நுனியிலுள்ள ராட்செட் குமிழைத் திருப்பினால்தான் எப்போதும் ஒரே அழுத்தம் கிடைக்கும். சாதாரண மைக்ரோமீட்டரில் திம்பிள் ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும், அதில் 50 கோடுகள், ஆக ஒரு கோடு 0.01 மி.மீ. ஸ்லீவில், அதாவது திம்பிளுக்குள் இருக்கும் சுழலாத குழாயில், அரை மில்லிமீட்டர் கோடு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள்; தெரிந்தால் 0.5 மி.மீ. சேர்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக வேலை பழகும் பையன்கள் தவறுவது அங்கேதான்.

அப்புறம், தினமும் காலையில் ஆன்வில், ஸ்பிண்டில் முகங்களுக்கு இடையே சுத்தமான தாளை வைத்து மெதுவாக இழுத்துத் துடைத்துவிட்டு, இரண்டையும் ஒட்டவைத்துப் பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள்.