எட்டு வகையை ஒப்பிக்காமல் புரோநவுன் கற்பது எப்படி?

புரோநவுன் (பெயருக்குப் பதிலாக வரும் ஐ, ஹி, ஷி போன்ற சொல்) என்றதும் பர்சனல், பொசசிவ், ரிஃப்ளெக்சிவ் என்று எட்டுப் பெயரையும் வரிசையாக உருப்போட வேண்டாம். பெயர்களைக் கடகடவென்று சொல்கிறவர்களும் வாயைத் திறந்து பேசும்போது தடுமாறுகிறார்கள், ஏனென்றால் தமிழும் ஆங்கிலமும் வேறு வேறு பாதையில் பிரிகிற இடங்களில்தான் கால் இடறுகிறது.

முதல் இடம், எழுவாய். "வந்தேன்" என்றாலே போதும் நமக்கு, வினையின் வாலிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் ஐ, ஷி, தே எல்லோருக்கும் அதே 'கேம்'தான், அதனால் ஆளை வெளியே சொல்லியே ஆக வேண்டும். யாருமே செய்யாத வேலைக்கும் ஒரு 'இட்' தேவை: மழை பெய்கிறது, இட் இஸ் ரெய்னிங்.

சரி, ஒரு தாளை எடுங்கள். ஐந்து கட்டம் போட்டு ஐ, மீ, மை, மைன், மைசெல்ஃப் என்று எழுதி, அடியில் நான், என்னை, என், என்னுடையது, என்னையே என்று எழுதுங்கள். 'என்னை' இருக்கும் கட்டத்திலேயே 'எனக்கு'ம் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் 'மீ'தான். இதே போல ஹி, ஷி, வி, தே எல்லாவற்றுக்கும் நிரப்புங்கள். மை என்றால் பின்னால் பொருள் வரும், மைன் தனியாக நிற்கும்: திஸ் இஸ் மை பேக், திஸ் பேக் இஸ் மைன். (சில புத்தகங்கள் மை என்பதைப் புரோநவுனிலேயே சேர்க்காது, அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.)

அப்புறம் அந்த "மைசெல்ஃப் குமார்". நானும் முதல் இன்டர்வியூவில் இப்படித்தான் ஆரம்பித்தேன். செய்தவரும் பட்டவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் மைசெல்ஃப்: ஐ கட் மைசெல்ஃப், என்னை நானே வெட்டிக்கொண்டேன். இல்லையென்றால் "நானே செய்தேன்" என்று அழுத்திச் சொல்ல, ஐ டிட் இட் மைசெல்ஃப். பெயர் சொல்ல ஐ ஆம் குமார் போதும்.

எவ்ரிஒன், சம்படி, நோபடி எல்லாம் ஆங்கிலத்தில் ஒருமை. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்ற நினைப்பில் எவ்ரிஒன் ஹேவ் என்று வாய் போகும், ஹேஸ் என்று இழுத்துப் பிடியுங்கள்.

எந்த ஆள், எந்தப் பொருள் என்று விவரம் சேர்க்கும் ரிலேட்டிவ் புரோநவுன்தான் உண்மையில் கஷ்டம். "நேற்று வந்த பையன்" என்று விவரத்தை முன்னால் வைக்கிறோம், அவர்கள் பின்னால் வைக்கிறார்கள். முதலில் தி பாய் என்று சொல்லிவிட்டு, எந்தப் பையன் என்று உங்களையே கேட்டு, ஹூ போட்டுப் பதிலை ஒட்டுங்கள்: தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே. ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், பெரும்பாலான இடங்களில் இரண்டுக்குமே தட் செல்லும்.

திஸ், தட், ஹூ, வாட் எல்லாம் இது, அது, யார், என்ன, அவ்வளவுதான். ஈச் அதர் என்றால் ஒருவரையொருவர். நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே வி. 'அவர்' வந்தால் மட்டும் ஆணா பெண்ணா என்று பார்த்து ஹி அல்லது ஷி போடுங்கள், தெரியாவிட்டால் தே.

ராத்திரி படுக்கும் முன் அன்றைக்கு நடந்ததை ஐந்தே வாக்கியத்தில் எழுதி, புரோநவுன்களை மட்டும் வட்டம் போடுங்கள். வட்டமே இல்லாத வாக்கியம் இருந்தால், எழுவாய் இருக்கிறதா என்று முதலில் அதைப் பாருங்கள்.